ட்ராகன் திரியற உலகத்துல லேசர் துப்பாக்கிய இறக்கலாமா?

கல்குதிரை | சனி, இரவு 11:52

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்கு கேட்டே ஆகணும். நாங்க அஞ்சு பேர் ஆன்லைன்ல டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ், டைஸ் உருட்டி ஆளுக்கொரு கேரக்டரா ஆடற கதை கேம்) 5ஆம் எடிஷன் ஆடறோம், நான்தான் டிஎம், அதாவது கதைய நடத்தறவன். சுத்தமான ஃபேன்டஸி. கோட்டை, காடு, ஓர்க், ஒரு பழைய சாபம், இந்த மாதிரி. பார்ட்டி இப்ப லெவல் 6. அடுத்த ஆர்க்ல (கதையோட அடுத்த பகுதில) மலைக்கு அடியில ஒரு கதவு வருது, கதவுக்கு அந்தப் பக்கம் பாத்தா குகை இல்ல, எப்பவோ விழுந்து மண்ணு மூடிப்போன ஒரு விண்கலம். ரோபோ, கலர் கார்டு காட்டினா தொறக்கற கதவு, லேசர், எல்லாம் உண்டு. நோட்புக் நிறைய எழுதி வச்சிருக்கேன்.

போன செஷன் முடிஞ்சதும் "அடுத்தது கொஞ்சம் வேற மாதிரி போகும்"னு லேசா சொல்லி வச்சேன். ரோக் (திருடி கேரக்டர்) ஆடற பொண்ணு குஷியாயிடுச்சு. க்ளெரிக் (சாமி குடுக்கற ஸ்பெல், அதாவது மந்திரம், போடற பூசாரி) ஆடறவன் மட்டும் "லேசர் கிசர்னு ஏதாவது வந்துச்சுன்னா நான் கழண்டுக்கறேன், நான் ஃபேன்டஸி ஆடத்தான் வந்தேன்"னு மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டான். நல்ல ப்ளேயர் அவன், இழக்க மனசில்ல. ஆனா இந்த ஆர்க்க தூக்கிப் போடவும் மனசில்ல.

ஜானர் (கதை வகை) கலக்கறது தப்பா? கலந்தா எப்படி கலக்கறது? ஆடினவங்க சொல்லுங்க.

சும்மாவந்தவன் | சனி, இரவு 11:58

ஓர்க் கையில ஏகே 47 குடுங்க தலைவா, அந்த க்ளெரிக் சீட்டுக்கு நான் வரேன்.

பழையடைஸ் | ஞாயிறு, காலை 7:14

தம்பி, டி அண்ட் டில "சுத்தமான ஃபேன்டஸி" எப்ப இருந்துச்சுன்னு முதல்ல சொல்லுங்க பாப்போம்.

கேம் வெளிவந்தது 1974. அடுத்த வருஷமே, கேமை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான டேவ் ஆர்னிசனோட ப்ளாக்மூர் சப்ளிமென்ட்ல டெம்பிள் ஆஃப் த ஃப்ராக் வந்தாச்சு, அச்சுல வந்த முதல் அட்வென்சர்னு பொதுவா அதைத்தான் சொல்லுவாங்க. சதுப்பு நிலத்துக்கு நடுவுல தவளைய கும்பிடற ஒரு கோயில். உள்ள போனா பெரிய பூசாரி வேற உலகத்துலேந்து வந்த ஆளு, அவர் காட்டற அற்புதம் பூரா கருவி. அதே 1975ல எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்ற கேம் வந்துச்சு, அதோட டெகுமெல் உலகம் என்னன்னா, மனுஷங்க விண்கலத்துல வந்து குடியேறின ஒரு கிரகம், அப்புறம் அது நட்சத்திரம் எல்லாத்துலேந்தும் பிய்ஞ்சு தனியா ஒரு வெளிக்குள்ள மாட்டிக்கிச்சு, ஆயிரக்கணக்கான வருஷம் கழிச்சு அங்க இருக்கறவனுக்கு இது எதுவும் ஞாபகம் இல்ல. எழுதினவர் எம். ஏ. ஆர். பார்க்கர், மினசோட்டா யுனிவர்சிட்டில உருது, தெற்காசிய மொழி எல்லாம் சொல்லிக் குடுத்த ப்ரொஃபசர். (அந்த ஆளு வேற பேர்ல ஒரு நாஜி நாவல் எழுதினது பின்னாடி வெளிய வந்து 2022ல டெகுமெல் ஃபவுண்டேஷனே ஒத்துக்கிச்சு. அது வேற கசப்பு, இந்த இழைல வேண்டாம்.)

நீங்க எழுதி வச்சிருக்கறது அப்படியே எக்ஸ்பெடிஷன் டு தி பேரியர் பீக்ஸ்ன்ற பழைய டி அண்ட் டி அட்வென்சர்தான், அது உங்களுக்கே தெரியும்னு நினைக்கறேன். கேமை உருவாக்கின இன்னொருத்தர் கேரி கைகாக்ஸ் அதை 1976ல ஒரிஜின்ஸ் கன்வென்ஷன்ல டோர்னமென்டா நடத்தினார், மாட்யூலா (அச்சடிச்ச ரெடிமேட் அட்வென்சரா) 1980ல வந்துச்சு. நடத்தினதுக்கு காரணமே அந்த வருஷம் வந்த மெட்டமார்ஃபசிஸ் ஆல்ஃபான்ற சயின்ஸ் ஃபிக்‌ஷன் கேமை ஃபேன்டஸி ஆடறவங்களுக்கு காட்டணும்றதுதான். 1979ல வந்த டிஎம் கைட எடுத்துப் பாருங்க, அணு யுத்தத்துக்கு அப்புறம் நடக்கற கேம் காமா வேர்ல்டுக்கும் கௌபாய் கேம் பூட் ஹில்லுக்கும் கேரக்டர கொண்டு போகவும் கொண்டு வரவும் ரூல் போட்டிருக்கும். மாயாஜாலம் கூட அப்படித்தான், ஸ்பெல்ல மனப்பாடம் பண்ணி போட்டதும் மறந்துடற அந்த சிஸ்டம் ஜாக் வான்ஸ் கதைலேந்து எடுத்தது, அந்தக் கதை நடக்கறதே சூரியன் அணையப் போற தூர எதிர்காலத்துல.

அதனால உங்க க்ளெரிக்கிட்ட போய் சொல்லுங்க, அவர் ஆடறதே கலப்படம்தான்னு.

மழைக்கோட்டை | ஞாயிறு, காலை 9:40

அண்ணா, மரியாதையோட சொல்றேன், இது பதிலே இல்ல. 1975ல ஒருத்தர் தவளைக் கோயில்ல மெஷின் வச்சார், சரி. அதுக்காக இன்னைக்கு ஒருத்தனுக்கு அது பிடிச்சே ஆகணுமா? அவன் கேட்டது வரலாறு இல்ல. மாசக்கணக்கா ஒரு க்ளெரிக்க வளர்த்திருக்கான், அவனுக்கு ஒரு சாமி, ஒரு விரதம், எங்கயோ ஒரு கிராமம், செத்துப்போன ஒரு குரு, இதெல்லாம் எழுதி வச்சுட்டு வந்து உக்காந்தா டிஎம் "இனிமே இது ரோபோ கதை"ன்றார். கடுப்பாகாதா?

நானும் அந்த மாதிரி ஒரு டேபிள்ல உக்காந்து எந்திரிச்சு வந்தவன்தான். புதுசா ஒண்ணு வந்ததுல கோவம் இல்ல. அது வந்ததும் அது வரைக்கும் நாங்க பண்ணினதெல்லாம் சின்னதாயிடுச்சு, அதுதான் கோவம்.

ரூல்ஸ்ராமு | ஞாயிறு, மதியம் 12:05

ஃபீலிங்ஸ நீங்க பாத்துக்கோங்க, நான் நம்பர் சொல்றேன். 2014 டிஎம் கைடுல இதுக்கு ஆப்ஷனல் ரூல் இருக்கு, நீங்களா எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். லேசர் பிஸ்டல் 3டி6 (ஆறு பக்க டைஸ் மூணு உருட்டி வர்ற டேமேஜ்), லேசர் ரைஃபிள் 3டி8, ஆன்டிமேட்டர் ரைஃபிள் 6டி8. "ஐயோ 3டி8ஆ"ன்னு அலறாதீங்க, விசார்ட் (மந்திரவாதி) லெவல் 5லயே ஃபயர்பால் போடறான், 8டி6, இருபது அடி சுத்துல இருக்கற அத்தனை பேருக்கும். லேசர் ஒருத்தனைத்தான் அடிக்கும்.

விசார்டுக்கு இதுல ஒண்ணும் மாறாது. மாறப்போறது ஃபைட்டர். லாங்போ 1டி8, சராசரி 4.5. லேசர் ரைஃபிள் சராசரி 13.5. லெவல் 5லேந்து ஃபைட்டருக்கு ரெண்டு அட்டாக், ரெண்டும் பட்டா ஒரு டர்னுக்கு 18 கூடுதல், அதுவும் தினம் முழுக்க, ஸ்லாட் (ஒரு நாளைக்கு இத்தனை ஸ்பெல்தான்ற கணக்கு) செலவே இல்லாம. ஃபைட்டர் கையில அது போன நிமிஷம் உங்க பழைய மான்ஸ்டர் லிஸ்ட் காலி, அவரோட மேஜிக் வாளும் காலி. குருநாதர் கொடுத்த வாள்னு அவரே அழுதுட்டு எழுதியிருப்பார், அது இனி முதுகுலதான் தொங்கும்.

ப்ரேக் போடற இடம் பேட்டரி. ரைஃபிளுக்கு ஒரு செல்லுக்கு 30 ஷாட். டர்னுக்கு ரெண்டுன்னா 15 ரவுண்டு, நாலஞ்சு சண்டைல தீந்துடும். வேற செல் எங்க கிடைக்கும்றத நீங்க முடிவு பண்ணுங்க. கப்பலுக்குள்ள மட்டும்னா லேசர் அந்த ஆர்க்கோட போயிடும். ஊர் சந்தைல கிடைக்கும்னா உங்க கேம்பெயின் இனிமே வேற கேம்பெயின். ரெண்டும் ஓகேதான், எதுன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்கோங்க.

பேரியர் பீக்ஸ்ல இன்னொண்ணும் உண்டு, கருவிய எடுத்த உடனே சுட முடியாது. அது என்னன்னு கண்டுபிடிக்கறதுக்கு ஒரு ஃப்ளோசார்ட், டைஸ் உருட்டி உருட்டி அம்புக்குறி வழியா போகணும், தப்பான கட்டத்துல போய் நின்னா தன்னையே சுட்டுக்கலாம். எந்தப் பக்கம் குழாய், எந்தப் பக்கம் பிடின்னு ஒரு பார்பேரியன் யோசிக்கற அந்த பத்து நிமிஷம்தான் அந்த மாட்யூல்லயே சூப்பர். 5ஆம் எடிஷன்ல அதுக்கு பதில் ஒரு இன்டெலிஜென்ஸ் செக் டேபிள் இருக்கு, அது கொஞ்சம் சப்புன்னு இருக்கும், பழைய ஃப்ளோசார்ட்டையே எடுத்துக்கோங்க.

வன்னிப்பூனை | ஞாயிறு, இரவு 8:33

வணக்கம், நான் டொரன்டோவில இருந்து எழுதுறன். ரூல்ஸ்ராமு சொன்னதை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பாப்பம். துவக்கைக் கொண்டு வந்தா சயின்ஸ் ஃபிக்‌ஷன், வாம்பயரைக் கொண்டு வந்தா ஹாரர் எண்டு ஆக்கள் நினைக்கினம். எனக்கு அப்பிடித் தெரியேல்ல. கேரக்டரால என்ன ஏலாது எண்டதிலதான் ஜானர் இருக்குது.

ஹாரரை எடுங்கோ. எங்கட குழுவோட ரேவன்லாஃப்ட் எண்ட வாம்பயர்க் கோட்டைக் கதை நடத்தேக்க முதல் ரெண்டு செஷனும் ஒருத்தரும் பயப்பிடேல்ல. நான் மூடுபனி, மெழுகுதிரி, ஓநாய்ச் சத்தம் எல்லாம் போட்டுப் பாத்தன். ஏன் பயப்பிடுவினம்? இருட்டெண்டால் லைட் கேன்ட்ரிப் (செலவில்லாத சின்ன மந்திரம்) இருக்கு. பசியெண்டால் ஒரு முதல் லெவல் ஸ்பெல்லில பத்து குட்பெரி (பசி தீர்க்கிற மந்திரப் பழம்). காயமெண்டால் ஒரு லாங் ரெஸ்ட், எட்டு மணித்தியாலம் படுத்தெழும்பினா முழு ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). மூண்டாம் லெவல் ஸ்பெல்லில ஒரு குடில் போட்டு அதுக்குள்ள படுத்தா ஓநாயும் உள்ள வராது. பயத்துக்கு ஒரு ஓட்டை கூட இல்லை.

பழைய ரூலில வாம்பயர் ஒருக்கா அடிச்சா ரெண்டு லெவல் போயிடும். ஹிட் பாயின்ட் இல்லை, லெவல். மாசக்கணக்கா விளையாடிச் சேர்த்தது ஒரு அடியில போகுது. 1983ல ட்ரேசி ஹிக்மனும் லோரா ஹிக்மனும் எழுதின முதல் ரேவன்லாஃப்ட் அந்த ரூலுக்கு மேல நிண்டது, அதால அந்தக் கோட்டைப் பிரபு, வாம்பயர் ஸ்ட்ராட், கதவைத் திறந்து வந்தாலே மேசையில இருக்கிற ஆக்கள் கதிரையப் பின்னுக்குத் தள்ளுவினம். இப்ப 5ஆம் எடிஷனில கடிச்சால் ஹிட் பாயின்ட் மாக்ஸிமம் குறையும், லாங் ரெஸ்ட் எடுத்தா திரும்ப வந்திடும். அதே கோட்டை, அதே பிரபு, பயம் மட்டும் இல்லை.

நான் பிறகு செய்தது சின்ன விசயம். அந்த நாட்டுக்குள்ள லாங் ரெஸ்ட் எடுக்க ஒரு தேவாலயமோ ஆரோ ஒருத்தற்ற வீட்டுக்கூரையோ வேணும், வெளியில படுத்தால் ஷோர்ட் ரெஸ்ட் மட்டும்தான். அதை முதலே எல்லாருக்கும் சொன்னன். ஒரு வரி ரூல், அதுக்குப் பிறகு சனம் பின்னேரம் நாலு மணிக்கே "எங்க படுக்கப்போறம்" எண்டு கேக்கத் தொடங்கிச்சினம்.

கல்குதிரை, உங்கட கப்பலுக்குள்ள அவையளால என்ன ஏலாது?

செவ்வந்தி | ஞாயிறு, இரவு 9:15

வன்னிப்பூனை சொன்னது அருமைங்க, அந்த லாங் ரெஸ்ட் ரூல நான் சுட்டுக்கறேன்.

கல்குதிரை, எனக்கு ஒரு சந்தேகம். உங்க ஆளு லேசருக்கு மட்டும் இவ்வளவு கோவப்படுவாருன்னு தோணலைங்க. ஆர்ட்டிஃபைசர் (மந்திரக் கருவி செய்யறவர்), வார்ஃபோர்ஜ்டு (செஞ்சு உயிர் வந்த இயந்திர மனுஷன்) எல்லாம் 5ஆம் எடிஷன்லயே இருக்கறதுதானே, அதுக்கெல்லாம் யாரும் எந்திரிச்சுப் போறதில்ல. அந்தக் கப்பல் யாரோடது? க்ளெரிக்கோட சாமி எது?

கல்குதிரை | ஞாயிறு, இரவு 10:48

ம்ம். இத முதல் பதிவுல போடல, ஏன்னா ஸ்பாய்லர், எங்க ஆளுங்க யாராவது இங்க படிச்சுடுவாங்களோன்னு. சரி சொல்லிடறேன். என் உலகத்துல ஏழு சாமி. கப்பல்ல ஏழு க்ரூ. புரிஞ்சுதா? அவங்கதான் இவங்க. ஸ்பெல்லுன்றதே கப்பலோட கம்ப்யூட்டர் காத்துல பரப்பி விட்ட நானோ தூசி. க்ளெரிக் கும்பிடற விளக்குத்தாய், கப்பலோட மெடிக்கல் ஆஃபீசர். கடைசி ரூம்ல அவங்க ரெக்கார்டிங் ஓடும். இதுதான் பெரிய ட்விஸ்ட், ஒரு வருஷமா விதை போட்டுட்டு வரேன். க்ளெரிக் ஒரு ரெண்டு விதைய மோப்பம் பிடிச்சிருப்பான்னு இப்பதான் தோணுது, ஏழு நாற்காலி இருந்த அந்த ரூம்ல அவன் ரொம்ப நேரம் நின்னான்.

மழைக்கோட்டை | ஞாயிறு, இரவு 10:55

அப்படி போடுங்க!! அவன் ஏன் மூஞ்ச தூக்கினான்னு இப்ப புரியுதா?

சும்மாவந்தவன் | ஞாயிறு, இரவு 11:01

சாமி டாக்டரம்மாவா 😂 இனிமே ஹீலிங் வேர்டு ஸ்பெல்லுக்கு ப்ரிஸ்க்ரிப்ஷன் கேப்பாங்க

செவ்வந்தி | திங்கள், காலை 6:50

நினைச்சேங்க. இது ரெண்டும் வேற வேற கலப்பு, ஒரே பேர்ல ஓடுது, அதான் சிக்கல்.

ஒண்ணு, மாயாஜாலம் நிஜமாவே இருக்கற உலகத்துல ஒரு கப்பல் வந்து விழுது. அங்க ரெண்டும் நிஜம். பேரியர் பீக்ஸ் அப்படித்தான், கப்பலுக்குள்ள போனாலும் உங்க க்ளெரிக்கோட சாமி சாமிதான், அந்த ரோபோதான் அந்நியம். பழையடைஸ் அண்ணா சொன்ன தவளைக் கோயிலும் அப்படித்தாங்க, பித்தலாட்டம் அந்த ஒரு பூசாரியோட நின்னுடுது, மத்த உலகத்துல மேஜிக் மேஜிக்தான்.

இன்னொண்ணு, இது வரைக்கும் ஃபேன்டஸின்னு நினைச்சது எல்லாமே சயின்ஸ் ஃபிக்‌ஷன்தான்னு கடைசில சொல்றது. இதுல ஒரு ஜானர் இன்னொண்ண முழுங்கிடுது. ரோக்குக்கு இதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல, அவ திருடினது திருடினதுதான். ஃபைட்டருக்கும் இல்ல. மொத்த பில்லும் ஒருத்தர் தலைல வருது, அது க்ளெரிக். அவர் மாசக்கணக்கா ப்ரே பண்ணினது ஒரு ரெக்கார்டிங்க பாத்துன்னு நீங்க சொல்லப் போறீங்க, அதுவும் மத்த மூணு பேர் "வாவ்" சொல்லிட்டிருக்கும்போது.

அவர் ஃபேன்டஸிய காப்பாத்தலைங்க, அவரோட கேரக்டர காப்பாத்தறாரு.

பழையடைஸ் | திங்கள், காலை 8:20

செவ்வந்தி சொல்றது சரிதான், பிரிச்சுக் காட்டினது நல்லா இருக்கு. ஆனா அதுக்காக ட்விஸ்டே கூடாதுன்னா நான் ஒத்துக்க மாட்டேன். எல்லாத்தையும் செஷன் ஸீரோல (ஆட்டத்துக்கு முன்னாடி கூடிப் பேசறதுல) சொல்லிட்டு ஆடறதுன்னா அப்புறம் டேபிளுக்கு எதுக்கு வரணும்? கதவ தொறக்கறான், உள்ள குகை இல்ல, உலோகத் தரை, தலைக்கு மேல வெளிச்சம், டார்ச் எங்கயும் இல்ல. அந்த நொடிக்காகத்தான் 1980லேந்து ஆளுங்க அந்த மாட்யூல கையில வச்சுட்டு அலையறாங்க. முன்கூட்டியே சொன்னா அந்த நொடி செத்துடும்.

மழைக்கோட்டை | திங்கள், காலை 10:02

அண்ணா அந்த நொடி உங்களுக்கு. நீங்க டிஎம். நீங்க மூஞ்சிய பாக்கறீங்க, ரசிக்கறீங்க. அந்த மூஞ்சி யாரோடதுன்னும் யோசிங்க.

பழையடைஸ் | திங்கள், காலை 10:30

நான் ப்ளேயராவும் அந்தக் கதவ தொறந்திருக்கேன் தம்பி. எனக்கு யாரும் சொல்லல. இன்னைக்கும் புல்லரிக்குது.

வன்னிப்பூனை | திங்கள், மாலை 5:47

நடுவில ஒரு வழி இருக்கு. பழையடைஸ் ஐயாவே முதல் பதிவில சொல்லிட்டார், ஆனா அங்கால போயிட்டார். டெகுமெல். அந்தப் புத்தகத்தைத் திறந்தவுடனயே வரலாறு எழுதியிருக்கு, மனுசர் விண்கலத்தில வந்தவை எண்டு. விளையாடுறவருக்குத் தெரியும். அவற்ற கேரக்டருக்குத் தெரியாது. அந்தக் கேரக்டர் ஒரு பழைய உலோகப் பெட்டியக் கண்டு மந்திரக்கண் எண்டு கும்பிடேக்க மேசையில இருக்கிற எல்லாருக்கும் ஒரு சிரிப்பு வரும், ஒரு சோகமும் வரும். அதிர்ச்சி இல்லை, வேற ருசி. எனக்கு அது அதிர்ச்சியை விட கூடப் பிடிக்கும். என்ன கப்பல், எந்த அறையில என்ன எண்டதெல்லாம் ஒளிச்சு வைக்கலாம். ஜானர் மாறப்போகுது எண்டதை ஒளிக்காதேங்கோ.

மற்றது, கலக்கிறதெண்டால் ரெண்டும் ஒண்டையொண்டு உரசவேணும். ஷேடோரன் எண்ட கேம் 1989ல வந்தது, எல்ஃபும் ட்ராகனும் கம்ப்யூட்டரும் ஒரே சியாட்டில் நகரத்தில. அது இத்தனை வருசம் நிண்டு பிடிச்சதுக்கு எஸ்ஸென்ஸ் எண்ட ஒரு ரூல் பெரிய காரணம் எண்டு நான் நினைக்கிறன். ஒவ்வொருத்தருக்கும் 6 எஸ்ஸென்ஸ். உடம்புக்குள்ள இரும்புக் கையோ கமராக் கண்ணோ வைக்க வைக்க அது குறையும், எஸ்ஸென்ஸ் குறையேக்க மந்திரமும் குறையும். அப்ப மந்திரவாதி ஒருத்தன் டொக்டரிட்ட போகேக்க அது ஒரு முடிவு. ரெண்டு ஜானரும் அவன்ர உடம்புக்குள்ள சண்டை பிடிக்குது.

ரிஃப்ட்ஸ், 1990, மற்றப் பக்கம். அதில எல்லாமே இருக்கு, ட்ராகன், ரோபோ, வாம்பயர், சைக்கிக். ஆனா மெகா டேமேஜ் எண்டு ஒண்டு, ஒரு மெகா புள்ளி நூறு சாதாரணப் புள்ளி. கையில வாளும் தோல் கவசமுமா வாறவன் ஒரு லேசர் பட்டா சாம்பல். எல்லாம் இருக்கு, ஆனா ஒண்டு மற்றதைத் தொடாது, நசுக்கும். எனக்குப் பிடிக்கும், பொய் சொல்லேல்ல, ஆனா அங்க வாளோட ஒருத்தரும் வாறேல்ல.

ரூல்ஸ்ராமு | திங்கள், இரவு 9:26

உரசறதுன்னா டெட்லேண்ட்ஸயும் சேத்துக்கோங்க. 1996. கௌபாய் கதைல பேய். ஹக்ஸ்டர்னு ஒரு வகை மந்திரவாதி, ஸ்பெல் போடணும்னா ஆவியோட சீட்டாடணும், நிஜமாவே டேபிள்ல போக்கர் கார்ட எடுத்து கை பாக்கணும். டைஸ் உருட்டிட்டு "நீ கௌபாய்"னு சொன்னா அது வேஷம். கார்ட எடுத்து பேயோட பந்தயம் கட்டும்போது வெஸ்டர்னும் ஹாரரும் ஒரே கைல இருக்கு. ரூல்லயே ஜானர் இருக்கணும்னு நான் சொல்றது இதைத்தான்.

யாரும் மிஸ்டரிய தொடலையே? உங்க ஆர்க்ல விண்கலத்துல யார் எப்படி செத்தாங்கன்னு விசாரணை வந்தே தீரும். டி அண்ட் டில துப்பறியும் கதை நடத்தறது லேசர விட கஷ்டம். கொலையானவன்கிட்டயே ஸ்பீக் வித் டெட் போட்டு அஞ்சு கேள்வி கேக்கலாம். சந்தேகப்படறவன ஸோன் ஆஃப் ட்ரூத்ல நிக்க வைக்கலாம். லெவல் 5 க்ளெரிக் ஒருத்தர் இருந்தா எந்தக் கொலைக் கதையும் டீ ஆறதுக்குள்ள முடிஞ்சுடும். புது டிஎம்கள் பண்றது இந்த ஸ்பெல்லெல்லாம் தடைன்னு சொல்றது. அத பண்ணாதீங்க. அந்த உலகத்துல கொலை பண்றவனுக்கும் இந்த ஸ்பெல் இருக்கறது தெரியும்தானே? வாய் இல்லாத பிணம் பேசாது, அதனால தாடைய எடுத்துட்டுப் போவான். பின்னாடிலேந்து குத்துவான், பிணத்துக்கு உயிரோட இருந்தப்ப தெரிஞ்சது மட்டும்தான் தெரியும். ஸோன் ஆஃப் ட்ரூத்ல பொய் சொல்ல முடியாது, ஆனா பதில் சொல்லாம நழுவலாம், அப்ப வக்கீல்னு ஒரு தொழிலே இதுக்குன்னு இருக்கும்.

எபரான்ற டி அண்ட் டி உலகம் 2004ல வந்து பண்ணினதும் இதுதான். டி அண்ட் டிய வெளியிடற கம்பெனி விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் 2002ல புது செட்டிங் (கதை நடக்கற உலகம்) வேணும்னு போட்டி வச்சப்ப 11,000க்கு மேல வந்து குவிஞ்சுது, ஜெயிச்சது கீத் பேக்கரோட எபரான். பெரிய போர் முடிஞ்சு ரெண்டு வருஷம், ஷார்ன்னு ஒரு கோபுர நகரம், காசுக்கு துப்பறியற ஆளுங்க, மின்னல்ல ஓடற ரயில். ரயில் வெளிலேந்து வரல பாருங்க. மேஜிக் இருந்தா நாட்டுக்காரன் அத வச்சு என்ன கட்டுவான்னு யோசிச்சதுல வந்த ரயில் அது. அங்க ஃபேன்டஸிய யாரும் விழுங்கல.

செவ்வந்தி | திங்கள், இரவு 10:10

ராமு சொன்னதோட ஒண்ணு. நான் ப்ளேட்ஸ் இன் த டார்க் ஆடறவ, பேய் நகரத்துல திருட்டு கேங். திருட்டுக் கதைக்கு பிரச்சனை என்னன்னா டி அண்ட் டி ஆளுங்க மூணு மணி நேரம் ப்ளான் போடுவாங்க, அப்புறம் முதல் கதவுலயே ப்ளான் புட்டுக்கும். ப்ளேட்ஸ்ல ப்ளான் போடறதே இல்ல, நேரா உள்ள போயிடணும், மாட்டிக்கும்போது "இந்தக் காவலுக்கு நேத்தே காசு குடுத்துட்டேன்"னு ஃப்ளாஷ்பேக் எடுக்கலாம், ஸ்ட்ரெஸ்ஸுல விலை குடுக்கணும். டி அண்ட் டில திருட்டு எபிசோட் வச்சப்ப இத அப்படியே தூக்கிட்டு வந்தேன், ஸ்ட்ரெஸ்ஸுக்கு பதிலா ஹிட் டைஸ் (ரெஸ்ட் எடுக்கும்போது காயம் ஆத்திக்கற டைஸ்) செலவு. அருமையா ஓடுச்சுங்க. ஒரு எபிசோட் மட்டும்தான், அடுத்த வாரம் வழக்கம் போல டன்ஜன். ஜானர இப்படி விருந்தாளியா கூட்டிட்டு வந்து அனுப்பறதுல யாருக்கும் வலிக்காது.

மழைக்கோட்டை | திங்கள், இரவு 10:31

இதுக்கு நான் ரெடி. ஒரு வாரம் ரோபோவோட சண்டையா, வாங்க, நானே கார்டு வச்சு கதவ தொறக்கறேன். என் சாமிய மட்டும் தொடாதீங்க.

கல்குதிரை | வியாழன், இரவு 11:20

நடுவுல வரல, ஆஃபீஸ்ல மாட்டிக்கிட்டேன். எல்லா பதிவையும் ரெண்டு தடவ படிச்சேன்.

க்ளெரிக்கிட்ட நேத்து போன்ல பேசினேன். கப்பல் இருக்குன்றத சொல்லிட்டேன், உள்ள என்னன்னு சொல்லல. "விளக்குத்தாய் யாரு?"ன்னுதான் முதல் கேள்வியே கேட்டான், செவ்வந்தி சொன்னது சரி. ஏழு நாற்காலிய பாத்த அன்னைக்கே அவனுக்கு விளங்கிடுச்சாம், அதுலேந்து ப்ரே பண்ற சீனெல்லாம் ஆடவே பிடிக்கலையாம். நானும் "ஏன்டா இப்பல்லாம் சீன் போடறதில்ல"ன்னு நினைச்சுட்டிருந்தேன்.

மாத்தினது இது. விளக்குத்தாய் சாமிதான், நிஜம்தான், ஸ்பெல் அவ குடுக்கறதுதான். நானோ தூசி கிடையாது. ஏழு நாற்காலி அப்படியே இருக்கு, ஆனா க்ரூ சாமியாகல, விழுந்து செத்துக்கிட்டிருந்த ஏழு பேர், வேற வானத்துலேந்து வந்தவங்க, அவங்களுக்கு சாமியே கிடையாது. அந்த மலையடிவாரத்துல கடைசியா ஒருத்திக்கு ஏதோ ஒரு வெளிச்சம் தெரிஞ்சிருக்கு. ரெக்கார்டிங்ல அவதான் பேசறா, "இங்க ஒண்ணு இருக்கு, எங்க கருவி எதுலயும் அது பதிவாகல"ன்னு. மெடிக்கல் ஆஃபீசர்தான் விளக்குத்தாயோட முதல் பக்தை. அவன்கிட்ட இத மட்டும் சொல்லல, இத கதவு தொறந்தப்புறம் பாத்துக்கட்டும். பழையடைஸ் அண்ணாவுக்கும் ஒரு ட்விஸ்ட் மிச்சம் இருக்கு.

வன்னிப்பூனை கேட்டதுக்கு: கப்பலுக்குள்ள க்ளெரிக் ஸ்பெல் ஓடும், விசார்ட் ஸ்பெல் ஓடும், ஆனா வெளிச்சத்த அணைக்க முடியாது. எங்கயும் இருட்டே கிடையாது, ஒளிய இடம் கிடையாது, ரோக் திணறப் போகுது. முன்னாடியே சொல்லிட்டேன், "சரி பாத்துக்கலாம்"னு சிரிக்குது. பேட்டரி கப்பலுக்குள்ள மட்டும், வெளிய எடுத்துட்டு வந்தா ஒரு செல்லோட சரி. ஃப்ளோசார்ட் வரைஞ்சாச்சு, ராமு, ரொம்ப கோணலா இருக்கு.

க்ளெரிக் வரேன்னுட்டான். ஒரு கண்டிஷன், கடைசில கப்பல அவன்தான் கொளுத்தணுமாம்.

பழையடைஸ் | வெள்ளி, காலை 7:05

அந்த ரெக்கார்டிங் நல்லா இருக்கு தம்பி. என் டேபிள்ல நான் எடுத்துக்கறேன்.

மழைக்கோட்டை | வெள்ளி, காலை 9:12

இந்த க்ளெரிக்க நானே ஆடுவேன். சூப்பர் ப்ரோ.

சும்மாவந்தவன் | வெள்ளி, காலை 9:30

முக்கியமான கேள்விய யாரும் கேக்கல. எங்க ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஹீட் மெட்டல் (உலோகத்த பழுக்கக் காய்ச்சற ஸ்பெல்) வச்சிருக்காரு. ரோபோ மேல போடலாமா?

ரூல்ஸ்ராமு | வெள்ளி, காலை 9:41

போட முடியாது. ஸ்பெல் மனுஷன் செஞ்ச உலோகப் பொருள் மேலதான். ரோபோ கன்ஸ்ட்ரக்ட், அதாவது க்ரீச்சர், பொருள் இல்ல.

சும்மாவந்தவன் | வெள்ளி, காலை 9:43

அது போட்டிருக்கற கவசம் மேல?

ரூல்ஸ்ராமு | வெள்ளி, காலை 9:50

தனியா கழட்டற கவசம்னா ஓகே. உடம்போட வெல்ட் பண்ணினதுன்னா டிஎம்மத்தான் கேக்கணும். கல்குதிரை, வெல்டா, போல்ட்டா?